குணா, வீடு!

ஜனவரி 5, ஞாயிறு

புது கோச் வந்த முதல் நாளே ஆளுக்கொரு டைரி கொடுத்திருக்கிறார். பெயர் மீனலோசனி, கடலூர்க்காரர், கோச்சிங் லைசென்ஸ் எல்லாம் வாங்கியவர். எங்கள் ஆட்டத்தைப் பற்றி நாங்களே எழுத வேண்டுமாம். வாங்கிப் படிக்க மாட்டாராம். திருத்தாத பரீட்சையை எதற்கு எழுத வேண்டும் என்று எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், கேட்டாள். மேடம் சிரிக்கவில்லை. சிரிக்கிற வழக்கமே இல்லை போலிருக்கிறது.

சரி, எழுதித் தொலைப்போம். பெயர் தெபோராள். வயது இருபத்தேழு. ஒரு தனியார் பள்ளியில் ஒப்பந்த பி.டி. டீச்சர். பக்கிங்காம் கிளப் பெண்கள் கால்பந்து அணியில் கேப்டன், சென்டர் பேக். சென்டர் பேக் என்றால் கோலுக்கு முன்னால் காவல் நிற்க வேண்டியவள். நான் நிற்க மாட்டேன். அதனால்தான் மைதானத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். பந்து காலுக்கு வந்ததும் எதிரே எங்கேயோ ஒரு சந்து திறக்கும். அதில் நுழைந்துவிடுவேன். எங்கே போகிறேன், யாருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று எனக்கே முன்கூட்டித் தெரியாது. எனக்கே தெரியாததை எதிராளி எப்படித் தடுப்பாள்? பழைய கோச் ஆரோக்கியம் சாருக்கு இது புரிந்தது. "தெபோ எங்க போறா, ஏன் போறான்னு எவளும் கேக்கக் கூடாது," என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

கேட்டதே இல்லாதவள் குணவதி. எனக்குப் பக்கத்தில் ஆடும் இன்னொரு சென்டர் பேக். ஹவுசிங் போர்டில் எதிரெதிர் வீடு, ஒரே வயது, ஒரே பள்ளி. கல்யாணம் ஆன பிறகும் மாமியார், வீட்டுக்காரரோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள். நான் பந்தோடு கிளம்பும்போது, "குணா, வீடு!" என்று கத்துவேன். "போ!" என்பாள். என் இடத்துக்கு அவள் நகர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். சின்ன வயதில் அவள் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது "வீட்டப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுப் போவார். அதிலிருந்து வந்த பழக்கம். ஒன்பது வருடமாக அந்தப் "போ" கேட்காமல் நான் கிளம்பியதில்லை. கேட்ட பிறகு திரும்பிப் பார்த்ததும் இல்லை.

ஜனவரி 8, புதன்

ஒன்றும் இல்லை. ஜெர்சி துவைக்கும் முறை இந்த வாரம் என்னுடையது. பதினெட்டு ஜெர்சி. அண்ணி வாளியைக் கொடுக்கும்போதே முறைத்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

லீக்கில் முதல் ஆட்டம். 2–0. இரண்டாவது கோல் என்னுடையது. எங்கள் பெனால்டி பாக்ஸிலிருந்து எடுத்த பந்து. மூன்று பேரைத் தாண்டினேன். நான்காவது ஆள் நான் பாஸ் கொடுப்பேன் என்று வலப்பக்கம் சாய்ந்தாள். கொடுக்கவில்லை. அடித்தேன்.

யாரோ கூட்டத்திலிருந்து, "டீச்சரம்மா, அந்தப் பக்கமும் நீயே நில்லு!" என்று கத்தினார்கள். நானே சிரித்துவிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

பேப்பரில் நான்கு வரி வந்திருக்கிறது. "தற்காப்பு ஆட்டக்காரர் தெபோராள் தன்னந்தனியாக" என்று போட்டிருக்கிறார்கள். குணாதான் பிளேடால் அறுத்து எடுத்துவந்து கொடுத்தாள். அவள் வேலை செய்யும் கூரியர் ஆபீஸில் அந்தப் பேப்பர் வாங்குகிறார்களாம். "தன்னந்தனியாவாம்டி," என்று அந்த வார்த்தையில் விரலை வைத்துக் காட்டினாள். எனக்கு ஒரே பெருமை. பிரோ கதவில் ஒட்டிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

மேடம் ஒரு பலகை வைத்திருக்கிறார். காந்த வில்லைகள் ஒட்டும் பலகை. அதில் 4 என்று எழுதிய வில்லை நான், 5 குணா. 4-ஐ எடுத்து எதிரணி கோல் பக்கம் வைத்தார்.

"தெபோ, நீ இங்க வந்துட்ட. உன் எடத்துல யாரு?"

"குணா, மேடம்."

5-ஐ நகர்த்தி என் இடத்தில் வைத்தார். "அப்ப குணா எடத்துல?"

"அதுக்குள்ள நா திரும்பி வந்துருவேன் மேடம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏனென்றால் நான் நடந்துதான் வருவேன் என்பது எல்லோருக்கும் தெரியும். குணா மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியம் சாருக்குப் பலகையும் இல்லை, வில்லையும் இல்லை. அப்போதும் ஜெயித்தோம்.

ஜனவரி 31, வெள்ளி

பெரிய செய்தி. அரசுத் துறை ஒன்று புதிதாகப் பெண்கள் அணி தொடங்குகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. எங்கள் லீக்கைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கப்போகிறார்கள். மற்ற இடங்களுக்கு மூன்று, நான்கு பேர் எடுப்பார்களாம். சென்டர் பேக் ஒரே ஒருத்திதான். இருபத்தெட்டு முடிந்தால் விண்ணப்பிக்க முடியாது. எனக்கு ஜூனில் முடிகிறது. குணாவுக்கு ஆகஸ்டில்.

ஆக, இருவருக்கும் இதுதான் கடைசி.

குணாவிடம் சொன்னபோது, "அது உனக்குத்தான்டி. வேற எவளுக்கு?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளிடம் "உனக்கும் சான்ஸ் இருக்குடி" என்று சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

பயிற்சி முடிந்து குணா என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய வலது முட்டி மறுபடி வீங்கியிருக்கிறது. ஐஸ் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவள் வீட்டில் தெரிந்தால் மாமியார் ஆட விடமாட்டார். மேடத்துக்குத் தெரிந்தால் உட்காரவைத்துவிடுவார். ஆகவே எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணிக்குக்கூட கணுக்கால் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் திண்டுக்கல்லில் வந்த அடி அது. நான் முன்னால் பந்தை இழந்துவிட்டேன். குணா குறுக்கே ஓடிவந்து விழுந்து தடுத்தாள். கோல் விழவில்லை. நாங்கள் கோப்பையை வாங்கினோம். எனக்குச் சிறந்த ஆட்டக்காரர் பரிசு, ஒரு மிக்ஸி. விளையாட்டில் இதெல்லாம் சகஜம்.

பள்ளியில் விளையாட்டு விழா வருகிறது. கோடு போட சுண்ணாம்புத்தூள் இல்லை. வாங்குவதற்கு எச்.எம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

அந்தத் துறையின் அதிகாரி பயிற்சியைப் பார்க்க வந்திருந்தார். மேடம் வரத் தாமதம் ஆனதால் கேப்டன் என்ற முறையில் நான்தான் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், ஆட்டம் தெரிந்தவர். ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டார். எல்லோரைப் பற்றியும் நல்லதாகத்தான் சொன்னேன். குணா பேச்சும் வந்தது. நல்ல பிளேயர் என்றேன். முட்டி விஷயம் பேச்சுவாக்கில் வந்தது, அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

சுண்ணாம்புத்தூள் வந்துவிட்டது. நான்கு மூட்டை. இரண்டு போதும் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

குணா இரண்டு நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. ஃபோன் செய்தால், "வேலை இருந்துச்சு," என்கிறாள். கூரியர் ஆபீஸில் அவளுக்கு அப்படி என்ன வேலை?

பிப்ரவரி 16, ஞாயிறு

விளையாட்டு விழா நல்லபடியாக முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அரையிறுதி. 1–0. நான்தான். மூன்று முறை மேலே போனேன், மூன்றாவது முறை கோல். அதிகாரி பெவிலியனில் உட்கார்ந்து எதையோ குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும். "குணா, வீடு!" என்று கத்தினால் உடனே "போ!" வரும். இன்று இரண்டாவது முறை வரவே இல்லை. மறுபடி கத்த வேண்டியிருந்தது. பிறகுதான் வந்தது. கூட்டத்தின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜெயித்ததற்கு எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனோம். குணா வரவில்லை. வீட்டுக்காரர் தன் ஷேர் ஆட்டோவில் காத்திருக்கிறார் என்று போய்விட்டாள். அந்த ஆட்டோ அங்கே எங்கும் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் சீக்கிரமே மைதானத்துக்குப் போனேன். எனக்கு முன்பே குணாவும் மேடமும் அங்கே இருந்தார்கள். பலகையை நடுவில் வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். மேடம் வில்லைகளை வழித்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாடி பேசினு இருந்தீங்க?" என்று குணாவிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. ஃபைனலப் பத்தி."

ஃபைனலைப் பற்றிக் கேப்டன் இல்லாமல் என்ன பேச்சு? எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 1, சனி

நாளை இறுதி ஆட்டம். மேடம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசினார். கடைசியில் என்னைப் பார்த்து, "தெபோ, நாளைக்கு உனக்கு முழு சுதந்திரம். உனக்கு எப்ப தோணுதோ போ. உன் ஆட்டத்த ஆடு. அவங்க பாக்கட்டும்," என்றார்.

இந்த அம்மாவைப் போய் என்னவெல்லாமோ எழுதிவிட்டேனே என்று இருந்தது. டைரியை வாங்கிப் படிக்காதது நல்லதாகப் போயிற்று.

ஸ்டட்ஸ் ஷூவைத் துடைத்தேன். அண்ணி எனக்கென்று முட்டை வேகவைத்தாள். வேலை கிடைத்தால் அவளுக்கும் நிம்மதிதான். எனக்கென்று தனி அறை எடுத்துப் போய்விடுவேன் அல்லவா.

மார்ச் 2, ஞாயிறு

தோற்றுவிட்டோம். 0–1.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

எழுபது நிமிடம் வரை ஒன்றும் இல்லை. முதல் பாதியில் இரண்டு முறைதான் போனேன். பந்தை இழக்கவில்லை, பாதியில் பாஸ் கொடுத்துவிட்டு வந்தேன். எழுபத்தோராவது நிமிடம் கோலி எனக்குப் பந்தைத் தட்டிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். சந்து திறந்திருந்தது, சும்மா ஒரு தெருவே திறந்த மாதிரி. "குணா, வீடு!" என்று கத்தினேன்.

"போ!" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். கோலிக்கும் கேட்டிருக்கிறது, அவளிடம் கேட்டுவிட்டேன்.

போனேன். ஒருத்தியைக் காலுக்கிடையில் விட்டேன், இன்னொருத்தியைத் தோளால் ஒதுக்கினேன். மூன்றாவது ஒரு நெட்டைப் பெண், எதிரணியின் பேக், அசையாமல் நின்றாள். நான் எந்தப் பக்கம் போனாலும் சரி என்பதுபோல நின்று, நான் திரும்பிய நொடியில் காலை வைத்துப் பந்தை எடுத்துவிட்டாள். ஓங்கி ஒரே அடி. பந்து என் தலைக்கு மேலே போனது. அப்போதும் எனக்குப் பதற்றம் இல்லை. அங்கே குணா இருப்பாள் என்று தெரியும். சாவகாசமாகத்தான் திரும்பினேன்.

குணா அங்கே இல்லை. அவள் தன் இடத்தில் நின்றிருந்தாள், ஓர் அடிகூட நகராமல். என் இடம் காலியாகக் கிடந்தது. அவர்களுடைய ஃபார்வர்டு யாரும் துரத்தாமல் தனியாக ஓடி, கோலியைத் தாண்டி உருட்டிவிட்டாள்.

நான் ஓடிவந்து குணாவின் ஜெர்சியைப் பிடித்தேன். "போன்னு சொன்ன இல்ல? ஏன்டி வரல?"

என் கையை எடுத்துவிட்டாள். "என் எடத்துல நா நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். மிச்ச நேரம் முழுக்க நான் அவளைப் பார்க்கவில்லை. பெவிலியனில் அதிகாரி நோட்டை மூடிவைத்திருந்தார்.

மார்ச் 3, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது வருடம் அந்தக் குரலை நம்பினேன். என் அண்ணனைக்கூட இப்படி நம்பியதில்லை. வராவிட்டால் வரவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், நின்றிருப்பேன். "போ" என்று சொல்லி அனுப்பிவிட்டு நின்று வேடிக்கை பார்த்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எதிராளி செய்தால் ஆட்டம். கூட நிற்பவள் செய்தால் அதற்குப் பெயர் துரோகம்தான். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பிரோ கதவில் இருந்த பேப்பரைக் கிழித்துப்போட்டேன். அதுவும் அவள் கொடுத்ததுதானே.

மார்ச் 5, புதன்

மேடத்தைப் பார்த்து நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நான்தான் குணாகிட்ட சொன்னேன். இனிமே உன் இடத்த விட்டு நகராத, தெபோ இடத்துக்கு ஓடாதன்னு. அவ நொண்டுறத பத்து நாளா பாத்துட்டிருக்கேன். வீடியோவுல தெரியுது. நீ மேல போற ஒவ்வொரு தடவையும் அவதான் குறுக்க ஓடுறா."

"எங்கிட்ட ஏன் மேடம் சொல்லல? முழு சுதந்திரம்னீங்களே!"

"தெபோகிட்ட நானே சொல்லிக்கிறேன்னு அவ சொன்னா. சொல்லியிருப்பான்னு நினைச்சேன். அவ ஓட மாட்டான்னு தெரிஞ்சா நீயே பாத்துப் போவேன்னுதான் சுதந்திரம் குடுத்தேன்."

"சொல்லல."

"அப்ப நானும் உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். தப்புதான்," என்றார்.

தப்பாம். எனக்கு வரவேண்டிய வேலை போனது அவருக்கு ஒரு தப்பு. என்னை முழு சுதந்திரத்தோடு அனுப்பிவைத்துவிட்டு, பின்னால் கதவைத் திறந்துபோட்டிருக்கிறார்கள் இருவரும்.

மார்ச் 10, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. சென்டர் பேக், அந்த நெட்டைப் பெண். இடத்தை விட்டுப் போகாத பேக் வேண்டும் என்று அதிகாரி சொன்னாராம்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். பிப்ரவரியிலேயே முதலில் குறித்துவைத்த பெயர் குணாவுடையதாம். மெடிக்கலில் தள்ளிவிட்டார்களாம். எனக்கு இது தெரியாது. குணா மெடிக்கலுக்குப் போனதே தெரியாது. என்னிடம் மறைத்திருக்கிறாள், பாருங்கள். எத்தனை விஷயத்தைத்தான் மறைத்திருக்கிறாள்!

ஜெர்சி முறை மறுபடி என்னுடையது. துவைக்கவில்லை. வாளியிலேயே கிடக்கட்டும்.

மார்ச் 12, புதன்

காலை ஆறரைக்குத் தண்ணீர் லாரி வந்தது. குணா குடத்தோடு கீழே நின்றிருந்தாள். ஆட்டத்துக்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர். நானே ஆரம்பித்தேன்.

"மேடம் சொன்னத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல."

பட்டென்று சொன்னாள். மழுப்புவாள் என்று நினைத்திருந்தேன்.

"நா இன்னாடி பண்ணேன் உனக்கு? கூடப் பொறந்தவ மாதிரி..."

குடத்தைக் கீழே வைத்தாள். வலது காலை நீட்டித்தான் குனிந்தாள். "பிப்ரவரி பதிமூணு, மெடிக்கலுக்குக் கூப்ட்டாங்க தெபோ. உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு நெனச்சேன். முடிஞ்சதும் சொல்லிக்கலாம், உனுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு விட்டுட்டேன். உள்ள போனேன். அந்த டாக்டரு எட பாக்கல, கண்ணு பாக்கல. ஒக்காந்ததும், வலது முட்டியக் காட்டும்மான்னாரு. வலதுன்னு அவருக்கு யாரு சொன்னது?"

"எனக்கு இன்னா தெரியும்? நொண்டுறத மேடமே பாத்துருக்காங்க. அவங்க சொல்லியிருப்பாங்க."

"மேடத்துக்குப் போன மாசக் கடைசிலதான் தெரியும். நா கேட்டுட்டேன்."

லாரிக்காரர் அடுத்த குடத்தை வைக்கச் சொல்லிக் கத்தினார். குணா வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போலத்தான் இருந்தது. அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

"ஒம்போது வருஷம்டி," என்றாள். "ஒரு தபா திரும்பிப் பாத்தியா? நா வந்தனா, உழுந்தனான்னு?"

நான் என் குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளினேன்.

"சரி, போ," என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு மாடி. ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து ஏறினாள். நான் கீழேயே நின்றேன். என் குடம் நிரம்பி வழிந்ததற்கு லாரிக்காரர் என்னைத் திட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு

பயிற்சி. குணா வரவில்லை. இனி வரமாட்டாள் என்று மேடம் சொன்னார். கோலிக்கு முன்னால் நானும், ஆவடியிலிருந்து வந்திருக்கும் ஒருத்தியும். அணியே இரண்டாகப் பிரிந்து எங்களுக்குள் ஆடினோம்.

பந்து வந்தது. சந்தும் திறந்தது. "குணா, வீடு!" என்று கத்திவிட்டேன். வாய்க்கு அதுதான் பழக்கம். "போ!" வரவில்லை. ஆவடிப் பெண், "என்னக்கா?" என்றாள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன், முதல் தடவையாக. என் இடத்துக்கும் அவள் இடத்துக்கும் நடுவில் எவ்வளவு புல் கிடக்கிறது! வாரத்தில் நான்கு நாள் பள்ளியில் கோடு போடுகிறவள் நான். தூரம் எனக்குக் கண்ணாலேயே தெரியும். நான் கத்தும்போதெல்லாம், ஒன்பது வருடம். கடைசி இரண்டு வருடம் அந்த முட்டியோடு. பந்தை வெளியே தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஊறிக்கிடந்த ஜெர்சிகளைத் துவைத்துப் போட்டேன். 5-ஆம் எண்ணைக் கடைசியில் துவைத்தேன்.

பிப்ரவரி 11-இல் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். பேச்சுவாக்கில் வரவில்லை. அதிகாரி டீயை வைத்துவிட்டு, "உங்களுக்குப் பக்கத்துல ஆடுறாங்களே, அந்தப் பொண்ணு யாரு? அவங்க இருக்கறதாலதான் நீங்க இவ்ளோ தைரியமா மேல போறீங்க," என்றார். எனக்குச் சுரீரென்றது. அதற்குப் பிறகுதான் சொன்னேன். "நல்ல பிளேயர் சார். ஆனா வலது முட்டி போயிடுச்சு. ரொம்ப நாள் தாங்காது," என்றேன். வலது என்று சொன்னது நான்தான். நானாகத்தான் சொன்னேன்.

அவள் செய்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதுவும் உண்மை. ஆனால் அவள் செய்தது இரண்டாவது.

நாளை காலை அவள் கூரியர் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொல்ல வேண்டும். எதிர்வீடுதான், நான்கு எட்டு. பின்னாலிருந்து "போ" என்று சொல்ல யாரும் இல்லை. போக வேண்டும்.